சண்முகத்தின் கடல் தண்ணீர்

சென்ற ஆண்டு ஒரு கடற்கரையில் நடந்த எழுத்துப் பயிற்சி முகாமுக்கு, பீளமேட்டில் என்னோடு கல்லூரியில் படித்த சண்முகத்தையும் அழைத்துப் போனேன். கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து கடல் பார்த்தது அப்போதுதான்.

மணலில் நடக்கும்போது சொன்னான்: "அந்த டூர்ல எங்கம்மாளுக்குக் கடல் தண்ணி கொண்டுபோனேனப்பா. நாக்குல வெச்சுப் பாத்துப்போட்டு, 'இதுல ரசம் வெக்கலாமா கண்ணு?'ன்னாங்க." கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

மறுநாள் ஆளுக்கொரு நினைவை எழுதி வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் அம்மாவுக்கு நான் சோடா பாட்டிலில் கடல் தண்ணீர் கொண்டுபோனதாக எழுதி வாசித்துவிட்டேன். நல்ல கைதட்டல். அடுத்து சண்முகத்தை அழைத்தார்கள். அவன் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வரலீங்க" என்றான். அவனும் அதைத்தான் எழுதியிருந்தான்.

திரும்பும்போது ரயிலில் மன்னிப்புக் கேட்டேன். "உடப்பா. எங்கம்மாளுக்கு இன்னொரு மகன் இருந்தது எனக்குத்தான் தெரியல" என்றான். சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் பிறர் சொன்னதை அவர்களைக் கேட்காமல் எழுதுவதில்லை. இதையும் பத்திரிகைக்கு அனுப்பும் முன், அவன் ஊரான சோமனூர் போய் அவனிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டான்.

"சோடா பாட்டில் இல்லப்பா, தூக்குப்போசியிலதான் கொண்டுபோனேன். செரி, அனுப்பு."