எடைக்காரரின் உப்பு

ஒன்று புள்ளி மூன்று என்று காட்டுகிறது தராசு. எடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் தராசின் மேல் வைத்த ஜாடி மூடியில் இருக்கும் உப்பைக் கொஞ்சம் ஒதுக்கி ஜாடிக்குள் தள்ளுகிறார். ஒன்று புள்ளி ஒன்று. இன்னும் ஒரு தள்ளு. ஒன்று. "ம், இப்ப சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைச் சட்டியில் கவிழ்க்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு உப்பு போட்டாயிற்று. காலையில் அரை, மதியம் ஒன்று, சாயங்காலம் அரை, ஆக நாளுக்கு இரண்டு கிராம். மூன்று வருடமாக அந்த அடுப்படியில் இதுதான் சட்டம்.

அவருடைய உத்தியோகம் லாரி எடை மேடையில். மணலும் இரும்பும் ஏற்றி வரும் வண்டிகளை நிறுத்தி, எடை பார்த்து, சீட்டு அடித்துக் கொடுப்பார். ஓட்டுநர் கீழே இறங்காமல் சீட்டு கிடையாது. "உன் தொப்பைக்கும் சேத்து நான் சீட்டு போட முடியாதுப்பா, இறங்கு" என்பார். அந்த மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. வீட்டுத் தராசோ ஒரு கிராமைப் பத்தாகப் பிளக்கும். விஷயம் தெரிந்த ஓட்டுநர்கள், "பூசணிக்காய் போன இடம் தெரியாது, வீட்டுல போய் கடுகு போன இடத்தைத் தேடுறாரு" என்று சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரித்து வைப்பார்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை. நடுவில் குறைந்தது உடம்பில் தேங்கிய தண்ணீர். "லோடு இறக்கியாச்சு, காலி வண்டி வருது, சீட்டு போடுங்க" என்று முதல் வருடம் அவள் கேலி செய்தாள். இரண்டாம் வருடம் அதையே கோபமாகச் சொன்னாள். இப்போது சொல்வதில்லை.

அதற்கு முன்னால் எடைக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பத்தியச் சீட்டு ஒன்றை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே சமையல் கற்றுக்கொண்டார். உருளைக்கிழங்கில் இருக்கும் பொட்டாசியம் அவள் இதயத்துக்கு எமன் என்று அதில் இருக்கிறது. ஆகவே கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டுவார். கடைசியில் மிஞ்சுவதற்குக் கிழங்கு என்ற பெயர் மட்டும் இருக்கும். "குளிப்பாட்டி, துவைச்சு, உயிரை எடுத்துட்டுத்தான் தட்டுல வைப்பாரு" என்பாள் அவள். அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தோலோடு, மொறுமொறுவென்று, உப்புத் தூக்கலாக ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல். அவ்வளவுதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு போடாதவரை அதைவிட அதிகமாக நினைக்க முடியும் என்பதற்கு அந்த வீடு சாட்சி. "புருஷன்னு நெனச்சுக் கட்டிக்கிட்டேன், காவல்காரன் வேலை பாக்குறீங்க" என்பாள். தண்ணீர் பாட்டிலில் வேளைக்கு ஒரு கோடாகப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். அவள் ஒரு கோட்டைத் தாண்டிக் குடித்தால் அடுத்த வேளைக்கு அவ்வளவு குறையும். ஒருநாள் தலையணை உறைக்குள் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கண்டெடுத்தார். சத்தம் போடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தில் உப்பு எவ்வளவு என்று படித்தார். அன்று சாயங்கால அரை கிராமைக் கழித்துக்கொண்டார். "திட்டிட்டாவது போயிருக்கலாம்" என்று அவள் அழுதாள்.

மனுஷன் ஒன்றும் மகான் இல்லை. ஆரம்பத்தில், அவள் சாப்பிடுவதையே தானும் சாப்பிடுவேன் என்று வீராப்பாகச் சொன்னார். வீராப்பு இருபது நாள் நின்றது. இப்போது எடை மேடைக்கு எதிரே இருக்கும் கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவார். சட்டையைக் கழுவ முடியுமா? பக்கத்தில் வந்ததுமே அவள் மூக்கை உறிஞ்சி, "இன்னைக்குக் கோழியா?" என்பாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுவார்.

போன வாரம் டாக்டர் அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அக்காவுக்குத் துணையாக வந்து தங்கியிருந்த கொழுந்தியாளும் உடன் போனாள். இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, டயாலிசிஸை இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். "இனிமே பத்தியம் அது இதுன்னு கஷ்டப்படுத்தாதீங்க. அவங்க ஆசைப்பட்டதைக் குடுங்க."

"எத்தனை கிராம் வரைக்கும் டாக்டர்?" என்று கேட்டார் எடைக்காரர்.

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். "கிராம் எல்லாம் விட்டுருங்க."

ஆசைப்பட்டதைக் கொடு என்று ஒரு டாக்டர் சொன்னால், கொடுப்பதற்கு அவரிடம் வேறு மருந்து இல்லை என்று அர்த்தம். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சக்கர நாற்காலியில் காத்திருந்த மனைவி "என்னவாம்?" என்று கேட்டபோது, "இப்படியே போனா போதும்னு சொல்றாரு" என்றார். அன்று சாயங்காலம் அரை கிராமை இரண்டு தடவை நிறுத்தார்.

நான்கு நாள் அப்படியே ஓடியது. ஊறவைத்தார், கொட்டினார், நிறுத்தார். ஐந்தாம் நாள் கொழுந்தியாள் பொறுக்க மாட்டாமல் அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமா, நானும்தானே காதால கேட்டேன்? இன்னும் எதுக்கு இந்தத் தராசு?"

"மெதுவாப் பேசு."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க. எங்க அக்காவுக்குக் கடைசி வரைக்கும் குப்பைதானா? வாய்க்கு ருசி இல்லாமலேயே அனுப்பி வைக்கப் போறீங்களா?"

"அள்ளிப் போட்டா நான் அவளைக் கைவிட்டுட்டேன்னு ஆயிரும்மா" என்றார். "நிறுக்கிற வரைக்கும்தான் அவ இருப்பா."

"நீங்க நிறுக்கிறதாலயா அவ இருக்கா?"

அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டார். கிழங்குத் தண்ணீரைக் கொட்டப் போய்விட்டார். ஆனால் கொழுந்தியாளின் கேள்வி அவரை இரண்டு நாள் தின்றது. ஒரு பெண்பிள்ளையை மூன்று வருடம் வாய்ச்சுவைக்கு ஏங்கவிட்டு, கடைசியில் அதையும் கொடுக்காமல் அனுப்பினால் தான் மனுஷனா என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். மூன்று உருளைக்கிழங்கைக் கழுவி, தோலோடு நறுக்கினார். மனைவி வழக்கம்போல அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு, வீங்கிய காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊறப்போடலையா?"

"இன்னைக்கு வேண்டாம்மா. உனக்குப் புடிச்ச மாதிரி பண்றேன்."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று சிரித்தாள். மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. எண்ணெய் காய்ந்தது. கிழங்கு விழுந்து சடசடத்தது. "அடுப்பைக் கொறைங்க, கருகிரும். திருப்பி விடுங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்தாள். ஓரம் சிவந்து வாசனை கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

எடைக்காரர் உப்பு ஜாடியைத் திறந்து, விரல்கள் கொள்ளும் மட்டும் அள்ளினார். கை சட்டிக்கு மேலே போய் நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். அந்த விரல்களைப் பார்த்தாள்.

"தராசு எங்க?"

"இருக்கட்டும். ஒரு நாளைக்குத்தானே."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே."

"என்ன சொன்னாருன்னு கேக்குறேன்."

அவர் திரும்பவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். இரண்டடி வைத்து, மூச்சு வாங்கி நின்று, அலமாரியைத் திறந்தாள். துணியைப் பிரித்துத் தராசை அடுப்பு மேடைமேல் வைத்தாள். அதன்மேல் மூடியை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். பூஜ்யம் வரும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மூடியின் மேல் விரல்களை விரித்தார். மூன்று புள்ளி ஆறு.

அவள் தீக்குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.