இடப்பக்கம் கார்ட்டூன், வலப்பக்கம் கம்ப்யூட்டர்

இசபெல்லாவுக்கு முப்பத்தெட்டு வயதிலும் பொம்மைப் படம் பிடிக்கும். அதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை. கோட்டுச்சேரியில் அவர் வீட்டு ஆன்டெனா கடலைப் பார்த்து நிற்கும். சாயங்காலமானால் இலங்கை டிவியில் ஜப்பான் கார்ட்டூன். எந்தத் தொடர் முடிகிறது, அடுத்த மாதம் எது ஆரம்பம் என்று அறிவிப்பு வந்தவுடன் நோட்டில் குறித்துக்கொள்வார். "இந்த வயசுல பொம்மையா?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க, உங்களுக்கு என்ன போச்சு?" என்பார்.

அதே நோட்டில்தான் கம்ப்யூட்டரும் இருந்தது. காரைக்காலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அவர் டைப்பிஸ்ட். எண்பத்தெட்டில் அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஏசி அறை, வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். சாமிக்குக்கூட அவ்வளவு உபசாரம் கிடையாது. பயிற்சிக்குப் புதுச்சேரி போனவர் குமாஸ்தா வைத்தியலிங்கம். பதினைந்து நாள் இருந்துவிட்டுச் சான்றிதழோடு வந்தார். வேறெதுவும் கொண்டுவரவில்லை. பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்து, சாப்பாட்டு நேரத்தில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவர் இசபெல்லாதான். எந்த பிளாப்பி கடிதம் எழுத, எது பெயர்களை வரிசைப்படுத்த, கரண்ட் போகிற ஊரில் எத்தனை வரிக்கு ஒரு தடவை சேமிக்க வேண்டும், எல்லாம் நோட்டின் வலப்பக்கங்களில் இருந்தன. இடப்பக்கங்கள் கார்ட்டூனுக்கு.

கம்ப்யூட்டருக்கென்று நிரந்தரமாக ஓர் ஆள் போட முடிவாயிற்று. வேலையைச் செய்து காட்டுபவருக்கே அந்த இடம் என்று புதுச்சேரி அதிகாரி எழுதியிருந்தார். செயலாளர் குஞ்சிதபாதம் இசபெல்லாவைக் கூப்பிட்டார்.

"அந்த நோட்ட வைத்திகிட்ட குடுத்துடும்மா. சர்ட்டிபிகேட் அவருகிட்டதான இருக்கு. அதிகாரி வர்றப்ப அவரு ஒக்காரட்டும்."

"குடுக்க மாட்டேன் சார்."

"ஆபீஸ் வேலைக்குத்தானம்மா கேக்குறேன்?"

"வேலை ஆபீஸோடது. நோட்டு என்னோடது. அந்த சீட்டும் எனக்கு வேணும் சார்."

பதினாறு வருடத்தில் அவர் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அந்த நாற்காலி அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

மறுநாள் அவர் சாப்பிடப் போனபோது நோட்டு மேசை இழுப்பறையிலிருந்து கிளம்பிப் போய்த் திரும்பி வந்துவிட்டது. வைத்தியலிங்கம் அடித்தது அசல் ஈயடிச்சான் காப்பி. இடப்பக்கம், வலப்பக்கம், ஓர் எழுத்துகூட விடவில்லை. தலைகீழாகக் கிடந்த நோட்டைப் பார்த்ததுமே இசபெல்லாவுக்குப் புரிந்தது. நோட்டை நேராக வைத்து இழுப்பறையை மூடினார்.

அதிகாரி வந்தார். "பூவம் கிராமத்து மெம்பர் லிஸ்ட்ட பேர் வரிசையில எடுங்க" என்றார். வைத்தியலிங்கம் காகிதத்தைப் பார்த்து மூன்றாவது பிளாப்பியைச் செருகினார். அடுத்த வரிக்கு வந்ததும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிகாரி குனிந்து அதை உரக்கவே படித்தார்.

"கடல் அமைதியாக இருந்தால் படம் தெளிவு. ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பவும். ரோபோ தொடர் ஜனவரியில் ஆரம்பம். என்னங்க இது?"

"ரோபோ... கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதுதான் சார்" என்றார் வைத்தியலிங்கம்.

"அது நான் எழுதுனது சார்." இசபெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "பாதி கம்ப்யூட்டர், பாதி கார்ட்டூன். எனக்கு ரெண்டும் தெரியும்."

வைத்தியலிங்கம் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டு பூவத்தின் பெயர்களை வரிசையாக இறக்கியது.

"சரிம்மா, எந்திரி" என்றார் செயலாளர்.

இசபெல்லா எழுந்திருக்கவில்லை. "செஞ்சு காட்டுறவங்களுக்குத்தான் இந்த எடம்னு எழுதியிருந்தாங்களே சார்."

"ஆமா, நாந்தான் எழுதுனேன்" என்றார் அதிகாரி. "இவங்க பேருக்கு ஆர்டர் போடுங்க."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "போடலாம் சார். டைப் அடிக்கணும், ஆள் வேணும். நாளைக்குப் பாக்கலாமே."

இசபெல்லா கடிதம் எழுதும் பிளாப்பியை எடுத்துச் செருகினார்.

"நாளைக்கு எதுக்கு சார்? நானே அடிச்சுத் தர்றேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."