வண்டி ஓரங்கட்டியாச்சுங்களா?

என் கணவருக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் நழுவியிருக்கிறது, இனிமேல் லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரமே நான் வேலை தேடக் கிளம்பினேன். அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.காம். முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழ் பீரோவில் புடவைகளுக்கு அடியிலேயே கிடந்தது. சம்பளத்துக்கென்று வீட்டைவிட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் கேட்டேன். நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதுதான். ஜவுளிக்கடைக்காரரிடம், "ஊட்லதானுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்து, வெயிலில் பார்த்துப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார். அந்த மரியாதையைத்தான் பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

கடைசியில் நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. மேனேஜர் சிரிப்பதற்கு யோசிக்கிற மனிதர். "மூணு மாசம் வந்து பழகுங்க. பாதிச் சம்பளந்தான். சரிப்பட்டு வந்தா மேக்கொண்டு பாக்கலாம்" என்றார். வேலை இதுதான்: கம்ப்யூட்டர் திரையில் எங்கள் லாரிகள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு புள்ளி வெகுநேரம் நகராமல் நின்றால் டிரைவரைக் கூப்பிட்டு என்னவென்று கேட்க வேண்டும். லோடு அனுப்பிய பார்ட்டிகள் போன் செய்தால் வண்டி எங்கே வருகிறது என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் முதல் போன், வெங்காய மண்டிக்காரர் ஒருவர். "எங்கம்மா வருது என்ற லோடு?" என்று அதட்டினார். திரையில் வண்டி கண்ணெதிரே இருந்தது. அதைச் சொல்ல வாய் திறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் கணக்குப் பார்க்கிற பெண், என் வயதில் பாதிதான் இருப்பாள், ரிசீவரை மெல்ல என் கையிலிருந்து வாங்கிப் பேசி முடித்தாள். பிறகு, "எனக்கும் மொதல்ல இப்படித்தானுங்க்கா. பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்" என்றாள்.

அன்று மாலை வீட்டில் சொன்னபோது என் கணவர் தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தார். அப்படித்தான் படுக்க வேண்டும் என்று டாக்டரின் கட்டளை. நான் அடுப்படிக்குப் போய் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் போன் அடித்தது. பக்கத்து அறையிலிருந்து அவர்தான்.

"ஹலோ, ஆபீசுங்களா? வண்டி பஞ்சருங்க."

"ஐயையோ" என்றேன்.

"ஐயையோன்னா டயர் மாறிருமா அம்மிணி? எங்க நிக்கறேன்னு கேளு. ஸ்டெப்னி இருக்குதான்னு கேளு."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அது நடந்தது. படுத்தபடியே அவர் டிரைவராவார், மண்டிக்காரராவார், செக்போஸ்ட் அதிகாரியாவார். குரலை மாற்றி மிரட்டுவார். மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு அறைக்கும் நடுவில் வாசற்படியில் உட்கார்ந்து, "அம்மா தோத்துப்போச்சு", "அப்பா ஓவரா நடிக்காதீங்க" என்று தீர்ப்புச் சொல்வாள். வடக்கே போய்வரும் டிரைவர்கள் பேசுகிற ரோட்டு இந்தியை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். நான் பேசுகிற இந்தியைக் கேட்டு முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

அலுவலகத்தில் மேனேஜரிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது. "விசாரிச்சுட்டு நானே கூப்பிடறேனுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். கோபத்தில் கத்தும் ஒருவருக்கு, நல்ல சேதி இல்லாமல், நாமாகவே மறுபடி போன் போடுவது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் இரண்டு மூன்று முறை அப்படிக் கூப்பிட்ட பிறகு அந்த வெங்காய மண்டிக்காரர் என்னிடம் கத்துவதை நிறுத்திவிட்டார்.

பழகும் மாதங்கள் முடிகிற சமயம். ஒரு நாள் காலை நான் போய் உட்கார்ந்ததும் போன். எருமப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, எங்கள் டிரைவர் ஒருவரின் தம்பி.

"ஏனுங்க, அண்ணன் வண்டி இப்ப எங்கீங்க வருது? எங்கப்பா காத்தால தவறிட்டாருங்க. அண்ணனுக்கு இன்னும் சொல்லலீங்க. அண்ணி போனக் கையில எடுத்துட்டு, முடியாம வச்சுட்டாங்க. நீங்க பக்குவமாச் சொல்லிப் போடுங்க."

திரையில் பார்த்தேன். மகாராஷ்டிரத்திலிருந்து லோடு ஏற்றிவரும் வண்டி, கர்நாடகத்தில் சித்ரதுர்காவை நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் அவர் தனியாள். மேனேஜர் திருச்செங்கோட்டில் ஏதோ வேலையாக இருந்தார். அவர் போன் எடுக்கவில்லை. நான் வீட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

என் கணவர் உடனே வழி சொன்னார். "வண்டி ஓடறப்பச் சொல்லிராத. மொதல்ல ஓரங்கட்டச் சொல்லு. சாப்பிட வெய்யி. நம்ம ஆளு ஒருத்தன் பக்கத்துல இருக்கோணும். அப்பறம் சொல்லு." பிறகு, நான் கேட்காமலே, "எங்கம்மா போனப்ப எனக்கு அண்ணன் போன்ல சொன்னான். சோலாப்பூர்ல நிக்கறேன், தனியா. அங்கிருந்து ஊடு வந்து சேர்ற வரைக்கும் ரோடு என்ற கண்ணுக்குத் தெரியவே இல்ல அம்மிணி" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

அந்த வண்டிக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், எங்கள் இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு டிரைவர்கள். முதலில் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் இறங்கி முன் வண்டியை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். பிறகுதான் அப்பாவை இழந்த அந்த டிரைவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஹிரியூர் தாண்டி நம்ம ஆளுங்க சாப்பிடற ஓட்டல்ல ஓரங்கட்டுங்க. பின்னால நம்ம வண்டி வருது. அவங்க வர்ற வரைக்கும் சாப்பிட்டுட்டு இருங்க. நான் மறுபடி கூப்பிடறேன்."

"ஏனுங்க்கா, பார்ட்டி அவசரப்படறாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க தம்பி. நீங்க வயிறாரச் சாப்பிடுங்க."

கொஞ்சம் தயங்கி, "சரிங்க்கா" என்றார்.

அந்தப் புள்ளி ஊர்ந்து போய் நிற்கும் வரை நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு புள்ளி அதனருகே வந்து நின்றது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூப்பிட்டேன்.

"தம்பி, சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க்கா."

"வண்டி ஓரங்கட்டியாச்சுங்களா?"

"நிறுத்திச் சாவி எடுத்துட்டேனுங்க்கா."

"அப்பா காத்தால தவறிட்டாருங்க, தம்பி."

சாலையில் வண்டிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. வீட்டில் ஒத்திகை பார்த்த எந்தப் பேச்சும் இதற்கு உதவாது. நான் போனை வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அப்போது சொன்னேன்: "நீங்க வந்துதான் எடுப்பாங்க. உங்க தம்பிகிட்டப் பேசிட்டேன். வண்டிய நம்மாளு பாத்துக்குவாரு. தும்கூர்ல எறங்கி பெங்களூரு பஸ் ஏறிருங்க. அங்கிருந்து நம்மூருக்கு சீட்டுப் போட்டு வெக்கறேன்."

கணக்குப் பார்க்கிற பெண் அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மறுநாள் காலை டிரைவர் ஊர் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்துவிட்டார் என்று தம்பி போன் செய்து சொன்னார்.

மேனேஜர் திரும்பி வந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். மாதக் கடைசியில், "அடுத்த மாசத்துலருந்து முழுச் சம்பளமுங்க" என்றார். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

காரியமெல்லாம் முடிந்து, அந்த டிரைவர் மொட்டைத் தலையோடு அலுவலகம் வந்தார். நான் நினைத்ததைவிட இளையவர். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டார்.

"அக்கா, அன்னிக்கி நீங்க வயிறாரச் சாப்பிடச் சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

நான் திகைத்துப் போனேன். "அப்பறம் ஏனுங்க தம்பி கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லோணுமல்லங்க? கேட்டுட்டா அந்த எடத்துலயே ஒடஞ்சு போயிருப்பேன். யாரோ நம்மளப் பத்தி யோசிச்சுச் செய்யறாங்கன்னு தோணுச்சு. அதான், நீங்க சொன்னபடியே ஓட்டல் வரைக்கும் நெதானமா வந்தேன். சோறும் தின்னேன். எறங்கவே இல்லீங்க. ஆனாத் தின்னேன்."

எழுந்து கும்பிட்டுவிட்டு, மறுபடி எப்போது டிரிப் இருக்கிறது என்று மேனேஜரிடம் கேட்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் என் கணவரிடம் சொன்னேன். அப்போது அவரால் சுவரில் சாய்ந்து உட்கார முடிந்திருந்தது. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கி சோலாப்பூர்ல எனக்கு அப்படிப் பேச ஆளில்ல அம்மிணி" என்றார்.

நான் போய் அவர் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மகள் டியூஷன் முடிந்து வந்து லைட்டைப் போட்டு, எங்களைப் பார்த்து, பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.