உப்பிய டின்னும் இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையும்

நேற்று சேலத்தில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். வாங்க வேண்டியது உப்பும் பருப்பும்தான். ஆனால் உள்ளே அப்படியொரு ஏசிக் குளிர், வெளியே வர மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் அன்னாசித் துண்டு டின் ஒன்றை எடுத்து, மூடியைக் கட்டைவிரலால் அமுக்கினார். கடைப் பெண் ஓடி வந்தாள். "ஏனுங்க தாத்தா, அதான் தேதி போட்டிருக்குதுங்களே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கட்டைவிரலால் எங்கள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மல்லசமுத்திரத்தில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். டின் பழம் என்றால் அப்போது பெரிய பவிசு. மூடி உப்பியிருந்தால் உள்ளே சரக்கு அதிகம் என்று ஊரே நம்பியது. அப்பாவும் மனசார நம்பி, உப்பிய டின்களைத் துடைத்து முன்வரிசையில் வைப்பார். பள்ளிக்கூடம் முடித்த நானும்தான் நம்பினேன், என்னத்தைப் படித்தேனோ!

எனக்கு இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகத் தரகர் சொன்னார். கலப்படத்தைப் பிடிக்கச் சர்க்கார் ஆள் போட்ட புதிது அது. தின்கிற பண்டத்துக்கும் ஒரு இன்ஸ்பெக்டர் உண்டென்று நாங்கள் எங்கே கண்டோம்? மீசையும் தொப்பியுமாக எதிர்பார்த்தால், மூக்குக் கண்ணாடியோடு ஒல்லியாக ஒருவர் வந்து இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு அந்த ஒல்லியைப் பிடித்துப்போயிற்று. இது எப்படியாவது அமைய வேண்டுமே என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

அப்பா இருப்பதிலேயே நன்றாக உப்பிய டின்னைப் பெருமையாகக் கொண்டுவந்து கத்தியை வைத்தார்.

"தொடாதீங்க!"

மாப்பிள்ளை துள்ளி எழுந்து, கட்டைவிரலால் மூடியை அமுக்கிப் பார்த்தார். "கெட்டுப்போச்சுங்க. கடையில இன்னும் இருக்குதுங்களா?"

அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் கடைக்குக் கிளம்பியது. பட்டுச் சேலையோடு நானும் ஓடிப்போய்ச் சித்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இவர் உப்பிய டின்களைப் பொறுக்கி வெளியே வைத்து, குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். அப்பாவுக்கு மூக்குக்குமேல் கோபம்.

"ஏனுங்க சார், பொண்ணு பாக்க வந்தீங்களா, கடையப் பாக்க வந்தீங்களா?"

"கடையப் பாத்துட்டனுங்க. பொண்ணத்தான் இன்னும் காட்டலீங்க."

நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அப்பா திரும்பி முறைத்தார். "இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க, கெளம்புங்க!" என்று கடப்பாரையால் ஒரு டின்னை ஓங்கிக் குத்தினார். புஸ்ஸென்று பீறிட்டு, அவர் வெள்ளைச் சட்டைக்கு அபிஷேகம் ஆயிற்று. அந்த நாற்றம் இருக்கிறதே, தரகர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினார்.

அப்பா சட்டையை முகர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அட சாமி, இதையா நம்ம மாப்பிள்ளைக்குத் திங்கக் குடுக்கப் பாத்தேன்!"

சார் மாப்பிள்ளையாகிவிட்டார், கவனித்தீர்களா? எனக்கு அந்த நாற்றமே மணத்தது.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். உப்பிய டின்னை இப்போது தேடினாலும் காணோம். ஏறிக் கிடப்பது இவருடைய சர்க்கரை ஒன்றுதான். நேற்று அமுக்கிப் பார்த்து, "நல்லா இருக்குது" என்று அன்னாசியைக் கமுக்கமாகக் கூடைக்குள் தள்ளப் பார்த்தார்.

கடையே திரும்பிப் பார்க்கும்படி நான் கத்தினேன்:

"தொடாதீங்க!"