மூட்டம் போட்ட பீட்ரூட் சக்கை

பீட்ரூட் சக்கையைக் குதிரைக்கு எப்படி ஊற வைப்பது என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். தண்ணீர் ஊற்று, மூடு, சும்மா இரு. அந்தச் சும்மா இருப்பதுதான் எங்கள் ஊரில் ஒருவருக்கும் வராது.

ஷார்ஜாவில் ஒரு அரபியின் லாயத்தில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது இது. சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டில் சாறு போன பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்து, குச்சி குச்சியாக அழுத்தி மூட்டையில் விற்கிறார்கள். கல் மாதிரி இருக்கும். அப்படியே போட்டால் தொண்டையில் உப்பி அடைத்துவிடும். ஊறினால் ஒரு வாளி நாலு வாளியாகும். பல் தேய்ந்த கிழட்டுக் குதிரைக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆம்பளை இல்லை. எல்லாரும் துபாய், குவைத், சிங்கப்பூர். எனக்கு மறுபடி போக இஷ்டமில்லை. அந்த நேரத்தில்தான் வலங்கைமானில் அரிசிக்கடை வைத்திருந்த பாய், மகள் ஆசைப்பட்டாள் என்று பெங்களூரிலிருந்து ஒரு வயதான பெட்டைக் குதிரையை வாங்கி வந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய தென்னந்தோப்பில் கட்டி, பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். விலா எலும்பு தெரிந்தது. புல்லை மென்று உருண்டையாகத் துப்பியது. சக்கை மூட்டையை நான்தான் வரவழைக்கச் சொன்னேன்.

"இது தேறுனா நீ இங்கேயே இருப்பா. தேறலன்னா தள்ளிவிட்டுடுவேன். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வந்து பாக்குறேன்" என்றார்.

குதிரை போனால் வேலை போகும். நான் மறுபடி பிளேன் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பார்த்துத் திருவையாற்றில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டார்கள். சாயங்காலத் தீனியைத் தயார் செய்து வைத்துவிட்டு, மறுநாளுக்கு ராத்திரி ஊற வை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தால் தோப்பு முழுக்கப் புளிச்ச வாடை. தொட்டி காலி. மூலையில் ஒரு ஈரச்சாக்கு, மேலே வைக்கோல், அதற்கு மேலே கல். பிரிக்காமலேயே புரிந்துவிட்டது. விதைநெல்லை இப்படித்தான் செய்வோம். ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, சூடேறி முளை விடுவதற்காக மூட்டம் போடுவோம்.

"என்னடி இது?"

"மூட்டங்க. நீங்க கெளம்புனதுமே ஊறப்போட்டு, சாயந்தரம் வடிச்சுக் கட்டிட்டேன்."

"இது என்ன வெதநெல்லா? மொளைக்க வெச்சு எந்த வயல்ல நாத்து விடப்போற?"

"மூட்டம் போடாதன்னு சொன்னீங்களா? சட்டைக்கு இஸ்திரி போடலன்னு கத்துனதுதான் காதுல விழுந்துச்சு."

அது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது. சாக்கைப் பிரித்தேன். ஆவி அடித்தது. சக்கை கொழகொழவென்று இருந்தது. குதிரை அதைத் தின்றால் வயிற்று வலியில் உருளும். எங்கள் வீட்டு மாட்டுக்குக் கொட்டினேன். அது தொட்டியை நக்கியது.

"மாட்டுக்காச்சும் மரியாதை தெரிஞ்சுது" என்றாள்.

வெந்நீர் போட்டு வேறு சக்கையை ஊற வைத்தேன். வெந்நீரில் சீக்கிரம் ஊறும். ஆனாலும் மதியம் ஆகிவிடும். வந்த நாளிலிருந்து தலையைத் தொங்கப்போட்டு நின்ற குதிரை முதலில் காதை விடைத்தது. அப்புறம் காலால் தரையைத் தட்டியது. பாய் தொப்பியோடு தோப்புக்குள் நுழைந்த நேரத்தில் இரும்பு வாளியை ஓங்கி ஓர் உதை விட்டது. வாளி உருண்டு அவர் காலடியில் போய் நின்றது. பிறகு ஒரு கனைப்பு. தோப்பே அதிர்ந்தது.

"என்னப்பா, அடிச்சியா?"

"பசி பாய். தீனி வீணாப்போச்சு. இப்பத்தான் ஊறுது." நடந்ததைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாய் வாளியையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். "வந்ததுலேருந்து சத்தமே போடலயே இது. இவ்ளோ கோவம் வருதுல்ல? பொழைச்சுக்கும். இருக்கட்டும்பா. நீயும் இரு."

அவர் வண்டியைக் கிளப்பும்வரை மனைவி பொறுத்திருந்தாள். "எல்லாம் என் மூட்டம் பண்ணுன வேலங்க."

சக்கையை ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தேன். உள்ளே கட்டி இல்லை. தொட்டியில் கொட்டியதும் குதிரை கண் வரைக்கும் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மறுவாரம் பாயின் மகள் வந்தது. அன்றைக்குத் தீனியை நேரத்துக்குப் போட்டிருந்தேன். குதிரை தொட்டியை விட்டுத் தலையெடுக்கவே இல்லை.

"மூஞ்சியே காட்ட மாட்டேங்குதே" என்று அந்தப் பெண் குறைப்பட்டது.

"திங்கட்டும் விடும்மா. எங்கே போயிடப்போவுது?" என்றேன்.