டச்-அப் செய்த கை

பாலக்கோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல மாட்டோம். கண்காட்சிக்குப் பிள்ளைகள் செய்ததை அப்படியே அனுப்புவதில்லை. கோணல் கோட்டை நேராக்குவோம், மண் பொம்மைக்கு மூக்கைத் திருத்துவோம். அதற்கு டச்-அப் என்று பெயர். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அந்த வருஷம் தலைப்பு 'உழைப்பு'. ஏழாம் வகுப்பு மஞ்சுளா ஏரி மண்ணில் ஒரு கை செய்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு தக்காளி. காய்ப்புக் காய்த்த தோலைத் தீக்குச்சியால் கீறியே கொண்டுவந்திருந்தாள். ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. மண் வேலையில் முதலில் உடைவது விரல்தான். கேட்கலாம் என்றால் அவள் அன்று லீவு. கண்காட்சிக்கு ஏற்றிப்போக மறுநாள் காலை வேன் வந்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தது. கீறிவிட்டு, மண் குழம்பு தடவி, இரண்டு விரல்களை ஒட்டினேன். நகம்கூட வைத்தேன்.

விரல் இல்லாத இடம் வழவழவென்று இருந்தது. உடைந்த மண் அப்படி இருக்காது. இத்தனை வருஷம் மண்ணைப் பிசைந்தவனுக்கு அது உறைக்கவில்லை.

தருமபுரியில் கண்காட்சி. கையின் மேல் 'முதல் பரிசு' அட்டை. தக்காளி மண்டி வேலையை விட்டுவிட்டு மஞ்சுளாவின் அம்மா மகளோடு பஸ்ஸில் வந்திருந்தார். மஞ்சுளா கையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வெரலு யாரு சார் வெச்சது?"

"நான்தான் பாப்பா. ஒடைஞ்சி போயிருந்துச்சே?"

"ஒடையலைங்க சார். எங்கம்மா கைங்க. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெஷின்ல ரண்டு வெரலு போயிருச்சுங்க."

பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"எப்பவும் முந்தானைக்குள்ளதான் வெச்சிருப்பேன் சார்," என்றார். "உன்ற கையத்தான் எல்லாரும் பாக்கப் போறாங்க, இன்னிக்கு மறைக்காத வாம்மான்னு இதுதான் கூட்டியாந்துச்சு."

அவரே என்னைத் தேற்றினார். "பரவால்லீங்க சார். இப்பத்தான் பாக்க நல்லாருக்குது."

சொல்லிவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மஞ்சுளாவிடம் மண்ணை நீட்டினேன். "நீங்களே செஞ்சிருங்க சார்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதிதாக வரும் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒன்று. பிள்ளை செய்ததில் குறை தெரிந்தால் முதலில் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். அது வராத நாள் என்றால் அப்படியே வேனில் ஏற்றுங்கள். குறையோடு போகட்டும்.