அந்தோணிராஜின் ரோப்பும் என் பேரிங் கடையும்

பேரிங் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நம்பர் தெரியாது, மீதிப் பேர் தெரிந்த மாதிரி ஏதோ ஒரு நம்பரைச் சொல்வார்கள். கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். குன்னூரில் என்னை அதிகம் படுத்தியவர் அந்தோணிராஜ். மலைச்சரிவில் அவருக்குச் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம். மனைவி செசிலிக்கு முழங்கால் வலி. கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ரோட்டுக்கு ஏற முடியவில்லை. தோட்டத்தை விற்றுவிடலாம் என்று மகள்கள் சொன்னார்கள். இவரோ மோட்டாரும் கம்பிக் கயிறும் வைத்து, மூட்டையை மேலே இழுக்கிற ரோப் ஒன்றைத் தானே செய்யக் கிளம்பிவிட்டார்.

அளவு

பேரிங் மாட்டப்போகும் ஷாஃப்ட், அதாவது சுற்றுகிற இரும்புத் தண்டு, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். கோணிப்பையிலிருந்து ஷாஃப்டையே எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் முனையில் ஒரு தங்க மோதிரம். அளவு பார்க்க மனைவியின் கல்யாண மோதிரத்தை மாட்டினாராம். உள்ளே போனது, வெளியே வரவில்லை.

சோப்பும் வெந்நீரும் விட்டு நான் திருகத் திருக, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேரிங்கும் இப்படித்தான் இறுக்கமாக உட்கார வேண்டும் என்று நடுவில் பாடம் வேறு எடுத்தேன். அவர் காதில் அது ஏறவில்லை. "பேரிங் நாளைக்கு வாங்கிக்கறனுங்க, மோதிரம் இல்லாம இன்னிக்கு ஊட்டுக்குப் போக முடியாதுங்க."

நல்லவேளை, கழன்று வந்தது.

சாவி

மோட்டார் ஓடுகிறது, ஷாஃப்ட் சுற்றுகிறது, கயிறு சுற்றும் டிரம் மட்டும் அசையவில்லை என்று அடுத்து வந்தார். ஷாஃப்டிலும் டிரம்மிலும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, இடையில் ஓர் இரும்புத் துண்டைச் செருகினால்தான் இரண்டும் சேர்ந்து சுற்றும். அந்தத் துண்டுக்குச் சாவி என்று பெயர். இதையெல்லாம் விளக்காமல், சாவி போட்டீர்களா என்று மட்டும் கேட்டது என் தப்பு.

"ஏனுங்க, கொழுந்து மூட்டையை யாருங்க திருடப் போறாங்க, அதுக்குப் போய் பூட்டும் சாவியும் எதுக்குங்க?"

சத்தம்

இந்த ஊர்ப் பனிக்கு ரப்பர் மூடி போட்ட பேரிங்தான் தாங்கும் என்றேன். எண்ணெய் விட வசதி என்று திறந்த பேரிங்கை வாங்கிப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் அது துருப்பிடித்து, ரோப் ஓடும்போதெல்லாம் பள்ளத்தாக்கே கேட்க அலறியது. பக்கத்து கேரட் தோட்டக்காரர் பெள்ளி சண்டைக்கு வந்துவிட்டாராம். மூடி போட்டதை மாட்டியதும் சத்தம் அடியோடு நின்றது.

சில நாளில் பெள்ளியே கடைக்கு வந்தார். துருப்பிடித்த பேரிங் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"அது கத்துன வரைக்கும் காட்டெருமை என் தோட்டத்துப் பக்கம் வரலைங்க, இப்ப தினமும் வருதுங்க."

எடை

ஒருநாள் செசிலியே வந்தார். கால்வலி இருக்கிறதாம், ஆனால் மூட்டை தூக்கும் வேலை இல்லை. தோட்டத்தை விற்கும் பேச்சும் நின்றுவிட்டது. மகள்கள் வந்தால் முதலில் ரோப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்பியே குடிக்கிறார்களாம். எனக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போது அவர் கடைக்குள் வேறு யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அது எத்தனை கிலோ தாங்குமுங்க? மூட்டை ஜம்முனு மேல போகுது, நான் மட்டும் இன்னும் நடந்துதானுங்க ஏறறேன்."

அன்றிலிருந்து பேரிங் விற்கும்போது, எந்த மிஷினுக்கு என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதில் ஏறி உட்காரும் எண்ணம் வீட்டில் யாருக்காவது உண்டா என்றும் கேட்டுவிடுகிறேன்.